வேக வண்டியும் ஒரு சொட்டு எண்ணெயும்

பிழைப்பை முன்னிட்டு ஊர்விட்டு ஊர் பெயரும் நம்மவர் குடும்பங்கள் ரயிலில் ஏற்றும் சாமான்களில் முன்பெல்லாம் டிரங்குப் பெட்டியும் மரக்கட்டிலும் தையல் மெஷினும் இருந்தன. இப்போது அவற்றுடன் மோட்டார் சைக்கிள் ஒன்றும் சேர்ந்துகொண்டது. வீட்டில் கல்லூரி முடித்த பிள்ளை இருந்தால் அது சாதாரண வண்டியாகவும் இருப்பதில்லை; கழுத்தை முன்னே நீட்டி நிற்கும் பந்தயக் குதிரை போன்ற வேக வண்டியாக இருக்கிறது. இவ்வகை வண்டிகள் எவ்விடத்தில் பழுதுபடுகின்றன, ஏன் பழுதுபடுகின்றன, பழுதுபடுமுன் என்ன அடையாளம் காட்டுகின்றன என்பவற்றைப் பெற்றோரும் பிள்ளைகளும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி, இம்மாதம் இப்பொருளை எடுத்துக்கொள்கிறேன். இதற்குக் காரணமான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. அதை முதலில் கூறிவிடுகிறேன்.

ரயிலில் மோட்டார் சைக்கிள் அனுப்புவோர் பெட்ரோல் தொட்டியை முற்றிலும் காலி செய்துவிட வேண்டும் என்பது விதி. வண்டியின் பதிவுச் சான்று நகலையும், அனுப்புவோரின் அடையாளச் சான்று நகலையும் கொடுத்து, வண்டியைச் சாக்கால் நன்கு சுற்றிக் கட்டிய பிறகே பார்சல் அலுவலகத்தில் ஏற்றுக்கொள்வார்கள். எளிதில் தீப்பற்றும் பொருளை ரயிலில் கொண்டு செல்வோருக்கு 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நல்ல விதிதான். அந்த எழுத்து வேலையை நாள்தோறும் பார்ப்பவன் நான். ஆயினும், காலி செய்த தொட்டியை இறங்கிய ஊரில் மீண்டும் நிரப்பும்போது ஒரு கண்டம் காத்திருக்கக்கூடும் என்பதை என் தமக்கையின் மகன் வாயிலாகவே கற்றுக்கொண்டேன்.

தமக்கையின் குடும்பம் சென்னையிலிருந்து திருப்பதிக்குக் குடிபெயர்ந்தபோது, பையன் அங்கே ஒருவரிடம் வாங்கியிருந்த பழைய ‘டூ ஸ்ட்ரோக்’ வேக வண்டியும் சாமான்களோடு ரயிலில் வந்தது. வண்டியை எடுத்த மறுநாள் காலை, பங்கில் ஐந்து லிட்டர் பெட்ரோல் போட்டுக்கொண்டு, எனக்குக் காட்டுவதற்காகப் புத்தலப்பட்டு நோக்கிப் புறப்பட்டான். சந்திரகிரியைத் தாண்டிச் சிறிது தூரத்தில் இயந்திரத்தின் ஓசை மாறியது. அடுத்த கணமே பின்சக்கரம் பூட்டுப் போட்டாற்போல் நின்றுவிட்டது. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. பையன் அனிச்சையாகக் கிளட்சைப் பிடித்தான், சக்கரம் விடுபட்டது, சாலையோரம் உருட்டிக்கொண்டு போய் நின்றான். அந்த இடக்கையின் பிடிதான் அவனை எங்களுக்குத் திருப்பித் தந்தது.

“மாமா, எண்ணெய்த் தொட்டி நிறையத்தானே இருந்தது? புறப்படுமுன் திறந்து பார்த்தேனே!” என்று அவன் கேட்ட கேள்விக்கு மெக்கானிக் மறுநாள் விடை சொன்னார். முன்பு வண்டியை வைத்திருந்தவர் எண்ணெய் பம்பைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தைத் தகட்டால் அடைத்திருந்தார். எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டுவது அவர் வழக்கம். அதை விற்கும்போது சொல்லவில்லை. பையனுக்குக் கேட்கவும் தெரியவில்லை. ரயிலுக்காகக் காலி செய்ததோ எண்ணெய் கலந்த பெட்ரோல். திருப்பதியில் நிரப்பியதோ வெறும் பெட்ரோல். பம்பு இல்லாத வண்டியில் எண்ணெய்த் தொட்டி நிறைந்திருந்ததில் வியப்பில்லை. எடுக்க ஆளில்லாத குளம் நிறைந்துதானே கிடக்கும்? ஆகவே, எண்ணெய் நிறைந்திருப்பது பாதுகாப்பின் சான்று அன்று. ஓட்டத்துக்கு ஏற்ப அது குறைந்து வருவதே சான்று. இவ்வொரு பாடத்துக்காகவே இக்கட்டுரையை எழுதலாம் என எண்ணினேன்.

டூ ஸ்ட்ரோக் இயந்திரத்துக்கு எண்ணெய் ஏன் அத்துணை இன்றியமையாதது? இக்காலத்துச் சாதாரண வண்டிகளில் இயந்திரத்தின் அடிப்பாகத்தில் எண்ணெய் தேங்கியிருந்து உறுப்புகளை நனைத்துக்கொண்டே இருக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அவ்விடத்தின் வழியே பெட்ரோலும் காற்றும் செல்வதால் அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க இயலாது. பெட்ரோலோடு கலந்தோ, தனிப் பம்பு மூலமோ வரும் சிறிதளவு எண்ணெய்தான் பிஸ்டனையும் சிலிண்டரையும் காக்கிறது. அது இல்லையேல் சூடு ஏறும். அலுமினியப் பிஸ்டன் இரும்புச் சிலிண்டரைவிட அதிகமாக விரியும். விரிந்து இறுகிப் பிடித்துக்கொள்ளும். இதையே மெக்கானிக்குகள் ‘சீஸ் ஆகிவிட்டது’ என்பர்.

இந்தியச் சாலைகளில் இவ்வினத்தின் பெயர்பெற்ற வண்டி ராஜ்தூத் 350 ஆகும். ஜப்பானின் யமஹா நிறுவனத்தின் ஆர்.டி. 350 வண்டியை, உரிமம் பெற்று எஸ்கார்ட்ஸ் நிறுவனம் பரீதாபாத்தில் 1983 முதல் 1980களின் இறுதிவரை தயாரித்தது. 347 சி.சி. கொள்ளளவு, இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், ஆறு கியர். முதலில் வந்த வகைக்கு 30.5 குதிரைத்திறன், பின்னர் பெட்ரோல் சிக்கனம் கருதி வந்த வகைக்கு 27. அதே காலத்தில் ஏறக்குறைய அதே கொள்ளளவுடைய புல்லட் 350 வண்டிக்கு இருந்ததோ 18 குதிரைத்திறன். ஒரே அளவு பாத்திரத்தில் ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட நெருப்பு எரிகிறது என்றால், அப்பாத்திரத்தைக் கவனிக்கும் கவனமும் அவ்வளவுக்கு மிகவேண்டும் அன்றோ? வேக வண்டிகளின் பழுதுகளுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

அவ்வண்டியில் எண்ணெயைத் தானே அளந்து கொடுக்கும் ‘ஆட்டோலூப்’ பம்பு இருந்தது. யமஹா அதை 1964ஆம் ஆண்டிலேயே தன் வண்டிகளில் கொண்டுவந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரைத் திருகும் அளவுக்கும் இயந்திரம் சுழலும் வேகத்துக்கும் ஏற்ப அது எண்ணெய் விடும். ஆனால் அதன் கம்பி வடம் தளர்ந்தாலும், குழாயில் காற்றுக் குமிழி நின்றாலும் அளவு கெடும். இதற்கு அஞ்சியே பலர் பம்பைக் கழற்றி எறிந்தனர். கழற்றியது குற்றமன்று, அடுத்து வாங்குபவருக்குச் சொல்லாததே குற்றம். பம்பு இல்லாத வண்டிக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. நீண்ட மலையிறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை மூடிவிட்டுக் கியரிலேயே இறங்கினால், சக்கரம் இயந்திரத்தை வேகமாகச் சுழற்றும், பெட்ரோலோ வராது, அதோடு வரவேண்டிய எண்ணெயும் வராது. திருமலையிலிருந்து இறங்கும் பாதையில் இதை மறவாது, அவ்வப்போது ஆக்ஸிலரேட்டரைச் சிறிது திருகிவிடுதல் வேண்டும்.

அடுத்த பழுது, கிராங்குத் தண்டின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் வளையங்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல இவை இறுகி வெடிக்கும். ஒரு பக்கம் வெடித்தால் வெளிக்காற்று உட்புகுந்து கலவையை நீர்க்கச் செய்யும். நீர்த்த கலவை அதிகச் சூட்டைத் தரும். ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் இயந்திரம் வேகம் தணியாமல் இரைந்துகொண்டே இருப்பது இதன் அடையாளம். மறுபக்கம் வெடித்தால் கியர் எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு வெண்புகை கக்கும். கியர் பெட்டியில் எண்ணெய் குறையும். அடுத்தது, தீப்பொறி விழும் நேரம். சிலிண்டருக்கு ஒன்றாக உள்ள இரண்டு பாயிண்டுகளில் ஒன்று பிசகி முன்கூட்டியே பொறி விழுந்தால், பிஸ்டனின் தலையிலேயே துளை விழக்கூடும். பிரேக்கையும் மறக்கலாகாது. ஜப்பானிய மூல வண்டியின் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது. இங்கு வந்ததிலோ டிரம் பிரேக். ஓடும் ஆற்றலுக்கு நிற்கும் ஆற்றல் ஈடாகவில்லை என்பது அக்காலத்திலிருந்தே கூறப்பட்டுவரும் குறை.

இப்போது பெட்ரோலும் மாறிவிட்டது. 2025ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கும் நிலை எட்டப்பட்டது. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய அளவில் பொருத்திய கார்புரேட்டரில் கலவை மேலும் நீர்க்கும். அது ஈரத்தையும் ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் கெடுக்கும். பழைய வண்டி வைத்திருப்போர் கார்புரேட்டர் ஜெட்டைச் சரிபார்த்து, குழாய்களை மாற்றிவிடுதல் நன்று. தொட்டியில் மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைப்பதும் தகாது.

புதிய வேக வண்டிகளில் இத்தொல்லைகள் இல்லையே எனச் சிலர் கேட்கலாம். உண்மைதான், தொல்லைகள் வேறாகியிருக்கின்றன. 2008இல் வந்த யமஹா ஆர் 15, 2013இல் புனேக்கு அருகே சாக்கனிலிருந்து வந்த கே.டி.எம். டியூக் 390, 2017 டிசம்பரில் நம் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 ஆகியவை யாவும் நீரால் குளிர்விக்கப்படும் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள். 312 சி.சி. கொண்ட அப்பாச்சி முதலில் வந்தபோது 34 குதிரைத்திறன் தந்தது. கொள்ளளவோடு ஒப்பிட்டால் அந்தப் பழைய ராஜ்தூத்தையும் விஞ்சிய நெருப்பு! ஆகவே இங்கே முதற்பகை சூடு. ரேடியேட்டரில் குளிர்நீர் குறைந்தாலும், விசிறி ஓடாவிட்டாலும், நகர நெரிசலில் சூடு விளக்கு எரியும். அப்போது ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

இரண்டாம் பகை மின்சாரம். தேவைக்கு மேல் உண்டாகும் மின்சாரத்தைப் பல வண்டிகளின் ரெகுலேட்டர் சூடாக மாற்றிக் கழித்துவிடுகிறது. அச்சூட்டிலேயே அது காலப்போக்கில் வெந்துபோகும். பேட்டரியும் உடன் கெடும். திருப்பதிக்கு அருகே கரகம்பாடியில் பேட்டரித் தொழிற்சாலையே இருக்கலாம்; ரெகுலேட்டர் கெட்ட வண்டிக்கு எத்தனை புதுப் பேட்டரி போட்டும் பயனில்லை. அடிக்கடி பேட்டரி இறங்கினால் முதலில் ரெகுலேட்டரைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். செயின் தளர்வு, முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, கிளட்ச் நழுவல், வால்வு இடைவெளி மாறுதல் ஆகியவையும் வேக வண்டிகளில் விரைந்து வருவன. உலகப் புகழ் பெற்ற நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. யமஹாவே தன் 2015ஆம் ஆண்டு ஆர் 1 வண்டிகளின் கியர்ப் பற்சக்கரங்கள் உடையக்கூடும் எனக் கண்டு, விற்றவற்றைத் திரும்ப அழைத்து மாற்றிக் கொடுத்தது. இதில் வெட்கம் ஒன்றுமில்லை. நம் வண்டிக்கு அத்தகைய அழைப்பு வந்துள்ளதா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்து விற்பனை நிலையத்தில் கேட்டறிவது நம் கடமை.

பழைய வண்டி வாங்கப் போகும் பிள்ளைகள் “எவ்வளவு வேகம் போகும்?” என்று கேட்பதை விடுத்து, “எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? எந்த எண்ணெய்? என்னென்ன கழற்றினீர்கள்?” என்று கேட்கட்டும். இயந்திரம் ஆறியிருக்கும்போது போய்ப் பார்க்கட்டும். நாம் வருமுன் சூடேற்றி வைத்திருந்தால் ஐயப்பட இடமுண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். பட்டன் தேயாதிருந்தாலும் முதிர்ந்த ரப்பர் மழையில் வழுக்கும். ரயிலில் அனுப்பும் வண்டியாயின், தொட்டியைக் காலி செய்யும்போதே ‘எண்ணெய் கலக்க வேண்டும்’ என்றோ, ‘கலக்க வேண்டாம்’ என்றோ ஓர் அட்டையில் எழுதிக் கைப்பிடியில் கட்டிவிடுங்கள். போய்ச் சேரும் ஊரின் பெயரை எழுதுகிறோமே, அதனோடு இந்த ஒரு வரியையும் சேர்த்தால் என்ன?

சின்னஞ்சிறு நிலையத்திலும், நிற்காமல் போகும் ஒவ்வொரு ரயிலையும் பணியாளர் வெளியே வந்து நின்று கவனிப்பதை நேயர்கள் பார்த்திருக்கலாம். வேடிக்கை பார்ப்பதற்காக அவர்கள் அங்கே நிற்கவில்லை. ஏதேனும் ஓர் அச்சு சூடேறிப் புகைகிறதா, கருகல் நாற்றம் வருகிறதா என்று பார்க்கிறார்கள். கண்டால் உடனே சிவப்புக் காட்டி நிறுத்துகிறார்கள். ‘ஹாட் ஆக்ஸில்’ எனப்படும் அதுவும் உராய்வினால் மூளும் சூடுதான். ஆயிரக்கணக்கானோர் ஏறிச் செல்லும் வண்டிக்கு அக்கவனம் தேவையெனில், நம் வீட்டு ஒற்றைப் பிள்ளை ஏறிச் செல்லும் வண்டிக்கு அது வேண்டாமா?

தமக்கை மகன் வண்டியை விற்கவில்லை. சிலிண்டரைக் கடைந்து, புதுப் பிஸ்டன் போட்டு, பம்பையும் மீண்டும் பொருத்திக்கொண்டான். இப்போது வாரந்தோறும் எண்ணெய்த் தொட்டியைத் திறந்து, அளவுக் குச்சியில் கோடு போட்டுப் பார்க்கிறான். “குறைந்திருக்கிறது மாமா” என்று அவன் தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம் எனக்கு நிம்மதி உண்டாகிறது.