செய்தி அறைக்குப் புது வெளிச்சம் போட்டாச்சு. சாவி யார் கையில்?



சேப்பாக்கம் சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கும் தூர்தர்ஷன் கட்டடத்தைத் தாண்டித்தான் நம்மில் பலர் தினமும் கடற்கரைப் பக்கம் போறோம். 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது சென்னைத் தொலைக்காட்சி. வயலும் வாழ்வும், ஒளியும் ஒலியும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அது சொந்த வீடு மாதிரி. ஷோபனா ரவி செய்தி வாசிச்சா தெருவே அமைதியா உட்கார்ந்து கேட்ட காலம் அது.

அந்தப் பொதிகைதான் 2024 ஜனவரி 19-ல் டிடி தமிழ் ஆனது. புதுப் பேர், புது லோகோ, ஹெச்.டி. ஒளிபரப்பு. நேரு ஸ்டேடியம் மேடையில் பிரதமரே தொடங்கி வைத்தார். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2023 ஜனவரியில், ஆகாசவாணி, தூர்தர்ஷன் கட்டமைப்பை நவீனப்படுத்த ஒன்றிய அமைச்சரவை ஒதுக்கியது 2,539 கோடி ரூபாய்க்கு மேல்.

செலவு பண்ணட்டும். நாம வேண்டாம்னு சொல்லல. பழைய கேமராவும் ஒழுகுற கூரையுமா ஒரு அரசு நிலையம் இருந்தா அதையும் நாமதான் கேட்போம். எம்.ஆர்.சி. நகரிலோ ஈக்காட்டுத்தாங்கலிலோ தனியார் சேனல் கண்ணாடி மாளிகை கட்டினா அது அவங்க காசு. இது உங்க வரிப்பணம். அதனால கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கு.

கேள்வி இதுதான்: அந்தப் புது செய்தி அறையில் எது செய்தி என்று முடிவு பண்றது யாரு? சென்னையா, டெல்லியா?

சும்மா கேட்கல. 2020 கடைசியில், தினமும் காலையில் 15 நிமிஷம் சமஸ்கிருதச் செய்தி போடணும்னு மாநிலச் சேனல்களுக்கு எல்லாம் உத்தரவு வந்தது. இங்கே யார் கேட்டாங்க? 2024 ஏப்ரலில், தமிழ்நாடு ஓட்டுப் போட மூணு நாள் இருக்கும்போது டிடி நியூஸ் லோகோ காவியாச்சு. அதே அக்டோபர் 18-ல் சென்னைத் தொலைக்காட்சி பொன்விழாவையும் இந்தி மாத நிறைவு விழாவையும் ஒண்ணா நடத்தினாங்க. ஆளுநர் முன்னிலையில் தமிழ்த்தாய் வாழ்த்தில் 'திராவிடம்' வரும் வரியே காணோம்! கவனக்குறைவுன்னு மன்னிப்புக் கேட்டது நிலையம். சரி. ஆனா தமிழுக்குன்னே பேர் வச்ச சேனலில் அந்தக் கவனம் எங்கே போச்சு?

1990-ஆம் ஆண்டு பிரசார் பாரதி சட்டத்தின் 12-ஆவது பிரிவை எடுத்துப் படிங்க. உண்மையா, நடுநிலையா, மாறுபட்ட கருத்துகளையும் சேர்த்துச் செய்தி தரணும், தனக்குன்னு எந்தக் கொள்கையையும் பரப்பக் கூடாதுன்னு எழுதியிருக்கு. எழுதி வச்சாச்சு. ஆனா அங்கே செய்தி வாசிப்பவர், எடிட்டர் என்று பலரும் தற்காலிகமா, நாள் கணக்கில் கூலி வாங்கி வேலை பார்ப்பவங்க. நாளைக்கு அழைப்பு வருமான்னு தெரியாத மனுஷன், மேலிருந்து வர்ற உத்தரவை எப்படி மறுப்பார்? சுவருக்குப் பெயின்ட் அடிக்க நிதி இருக்கு, இவங்களை நிரந்தரமாக்க இல்லையா?

மிக்ஜாம் புயலை நினைச்சுப் பாருங்க. 2023 டிசம்பர்ல கரன்ட் இல்ல, செல்போன் டவர் இல்ல. பேட்டரி ரேடியோ வச்சிருந்தவங்களுக்கு மட்டும்தான் வெளியுலகம் கேட்டது. மயிலாப்பூர் காமராசர் சாலையில் வானொலி நிலையம், பக்கத்திலேயே சேப்பாக்கத்தில் தொலைக்காட்சி. எந்தத் தெருவில் தண்ணி, எங்கே படகுன்னு சொல்றதுக்கு உள்ளூர் நிருபர் வேணும். எல்.இ.டி. சுவர் அதைச் சொல்லாது.

இந்த வாரம் ஏழு நாளும் டிடி தமிழ் செய்தியைப் பாருங்க. தமிழ்நாட்டுச் செய்தி எத்தனை நிமிஷம், டெல்லிச் செய்தி எத்தனை நிமிஷம்னு குறிச்சு வைங்க. அந்தக் கணக்கை உங்க தொகுதி எம்.பி.க்கு அனுப்புங்க. நாடாளுமன்றத்தில் கேள்வியா எழுப்பச் சொல்லுங்க.