பழைய வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யுமா?

"புரானி காடி ஹை சார், ஆவாஸ் தோ ஆயேகி."

இந்த ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு புனேயில் பாதிப் பேர் சர்வீஸ் தொழில் நடத்துகிறார்கள். மீதிப் பேர் இதைச் சொல்வதில்லை, நேராக எஸ்டிமேட்டை நீட்டிவிடுகிறார்கள். ரெண்டும் ஒரே வியாதி என்பது என் கட்சி. காரில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை, அதற்குக் கூலி உண்டு. இதை ஒத்துக்கொள்ள அவர்களும் தயாரில்லை, நாமும் தயாரில்லை.

என்னிடம் இருப்பது 2007 மாடல், ரெண்டே சீட், மடங்கும் கூரை. நாலாவது கையாக வாங்கினேன். பேர் சொல்ல மாட்டேன், அந்த வண்டி வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். ("குடும்பஸ்தன் வாங்குற வண்டியாடா இது?" என்று அத்தை கேட்டாச்சு. நீங்களும் கேட்காதீங்க.) இந்த மாதிரி வண்டிக்கு ஸ்ப்ரிங் விறைப்பு, டயர் பட்டை மாதிரி ஒல்லி, தலைக்கு மேல் இரும்புக் கூரை இல்லாததால் பாடி கொஞ்சம் முறுக்கிக்கொடுக்கும். நம் ஊர்ப் பள்ளத்தில் விழுந்தால் அத்தனை பிளாஸ்டிக்கும் வாய் திறக்கும். அது வரைக்கும் நியாயம்தான். ஆனால் எந்த பிளாஸ்டிக், ஏன் என்று கேட்கக்கூடாதா?

சர்வீஸ் சென்டரில் (இதுக்கும் பேர் கிடையாது) போய் நான் சொன்னது இது: முன்பக்கம் இடது மூலையில் லொடலொட, கூரை ஓரத்தில் கீச்கீச், வண்டி நிற்கும்போது அடியில் கிர்ர்ர். ஜாப் கார்டில் அந்தப் பையன் எழுதியது: "நாய்ஸ் ஃப்ரம் ஃப்ரன்ட்". முடிஞ்சது. மூணு நோயாளியை ஒரே பெட்டில் படுக்கவைத்த மாதிரி.

தமிழில் இரட்டைக்கிளவி என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்டோமே, பிரித்தால் பொருள் தராது என்று. மார்க்குக்காகப் படித்தது, இப்போது கார் ரிப்பேருக்கு உதவுகிறது. கீச்சுக்கும் லொடலொடவுக்கும் காரணமே வேற. கீச் என்றால் ரெண்டு பரப்பு ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டுகிறது. ரப்பர் சீல் கண்ணாடியில், பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கில் உரசுவது. லொடலொட என்றால் நடுவில் இடைவெளி விழுந்து ரெண்டு சாமான் மோதிக்கொள்கிறது. கிர்ர்ர் என்று ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து போனால், ஏதோ மெல்லிய தகடு இன்ஜின் அதிர்வுக்கு ஒத்து ஆடுகிறது. மிக்ஸி ஓடும்போது அலமாரியில் இருக்கும் டபராசெட் நடுங்குமே, அதே கதை. ஒன்றுக்கு வழவழப்பு வேண்டும், இன்னொன்றுக்கு இடைவெளியை அடைக்க வேண்டும், மூன்றாவதற்கு இறுக்கிப் பிடிக்க வேண்டும். எல்லாத்தையும் "நாய்ஸ்" என்று எழுதினால் வைத்தியம் எப்படி விளங்கும்?

விளங்கவில்லை. மறுநாள் எஸ்டிமேட் வந்தது: முன் ஷாக் அப்சார்பர் ரெண்டு, லோயர் ஆர்ம் ரெண்டு, மவுண்ட், லேபர், வரி எல்லாம் சேர்த்து 1,72,000 ரூபாய். "இதை மாத்தினால் சத்தம் போயிடுமா?" என்றேன். "மாத்திப் பார்த்தால்தான் தெரியும் சார்." என் காசில் அவர்கள் பாடம் படிக்க வேண்டுமாம்!

எங்கள் ஏரியா மெக்கானிக்கிடம் போனேன். எல்லாரும் தாதா என்றுதான் கூப்பிடுவார்கள். பயப்படாதீங்க, மராத்தியில் அண்ணன் என்று அர்த்தம். அவர் செய்த முதல் காரியம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது. ஸ்பீடு பிரேக்கரில் நேராக ஏறச் சொன்னார். சத்தம் இல்லை. அப்புறம் இடது சக்கரத்தை மட்டும் பள்ளத்தில் இறக்கச் சொன்னார். லொடலொட. "லிங்க்" என்றார், அவ்வளவுதான். விஷயம் எளிது. ஸ்டெபிலைசர் பார் ரெண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கும்போது சும்மா சுழலும், ஒன்று மட்டும் இறங்கும்போதுதான் முறுக்கு ஏறும். அதன் முனையில் இருக்கும் லிங்க் ராடு தேய்ந்திருந்தால் அப்போதுதான் தட்டும். ரெண்டு பக்கமும் புது லிங்க் ராடு, நானா பேட் கடையிலிருந்து, கூலியோடு ஏழாயிரத்துச் சொச்சம். ஷாக் அப்சார்பருக்கு ஒரு குறையும் இல்லை.

இத்தனைக்கும் இதே புனேயில், கோத்ரூட் குன்றின் மேல், 1966-ல் அமைந்த ஏஆர்ஏஐ இருக்கிறது. வண்டியின் சத்தத்தையும் அதிர்வையும் அளக்கவே அங்கே தனி ஆய்வுக்கூடம். புது வண்டி கம்பெனிகளில் இதற்கென்றே இன்ஜினீயர்கள் சம்பளம் வாங்குகிறார்கள். விற்கிற வரைக்கும் சத்தம் ஒரு விஞ்ஞானம், விற்றபிறகு நம் மனப்பிரமை!

கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம். பெரிய சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று கணக்கு உண்டு. ஷாக் மாற்ற நேரம் இருக்கிறது, டிஸ்க் மாற்ற நேரம் இருக்கிறது. தேடுவதற்கு நேரம் கிடையாது. ரெண்டு மணி நேரம் தேடி இருபது ரூபாய் கிளிப்பைக் கண்டுபிடிக்கிற பையன் அங்கே நஷ்டக்கணக்கு. பார்ட்ஸ் மாற்றுகிறவன்தான் கெட்டிக்காரன்.

நாம் மட்டும் யோக்கியமா? "ஒண்ணுமே மாத்தலையே, எதுக்கு ஆயிரம் ரூபா?" என்று கவுண்டரில் சண்டை போடுவது யார்? டாக்டர் ஊசி போடாமல் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்ததற்கு ஃபீஸ் கொடுக்கிறோம். மெக்கானிக் நீட்டு ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்து இன்ஜினைக் கேட்டால் அதற்குப் பேர் "சும்மா பாத்தாரு". தாதாவிடம் அன்றைக்கு நான் தனியாக 800 ரூபாய் கொடுத்தேன், கண்டுபிடித்ததற்கு. அவர் முதலில் வாங்கவில்லை. யாரும் கொடுத்ததில்லையாம்.

நண்பர் ஒருத்தர் சொன்னார், "பாட்டை சத்தமா வைப்பா, ஒண்ணும் கேட்காது". இதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். தேய்ந்த பால் ஜாயிண்ட்டும் முதலில் டொக் டொக் என்றுதான் சொல்லும். அதை விட்டால் ஒருநாள் சக்கரம் சாய்ந்து நிற்கும். பிரேக் பேடு மாற்றும்போது அதோடு வருகிற சின்னக் கம்பி ஸ்ப்ரிங்கைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. அப்புறம் மோசமான ரோட்டில் கடகட. பிரேக்கை லேசாக மிதித்தால் சத்தம் நின்றுவிடும். நின்றால் அங்கே பாருங்க என்று அர்த்தம். இதெல்லாம் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவனுக்கு மட்டுமில்லை, நீங்கள் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும் பத்து வருஷ ஐ10-க்கும் பொருந்தும்.

இன்னொரு நண்பர், "வித்துடு". ஏன் விற்கணும்? 15 வருஷம் தாண்டினால் ஆர்டிஓவில் வண்டியைக் காட்டி ஐந்து வருஷத்துக்குப் பதிவைப் புதுப்பிக்கலாம் என்கிறது சட்டம். அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆக்கினார்கள், அதையும் கட்டியாச்சு.

மிச்ச ரெண்டு சத்தத்தை நானும் தங்கமணியும் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்தோம். முதலில் வண்டியைக் காலி பண்ணினோம். கையுறைப் பெட்டியில் சில்லறை, டிக்கியில் ஜாக்கி, யாரும் உட்காராத சீட்டில் பிளாஸ்டிக்கைத் தட்டும் பெல்ட் கொக்கி, எல்லாத்தையும் கட்டி அடக்கியபிறகுதான் உண்மையான சத்தம் தனியாகக் கேட்டது. கிர்ர்ர் வந்தது சைலன்சருக்கு மேலே இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு. போல்ட் துவாரத்தைச் சுற்றித் துரு தின்றிருந்தது. அகல வாஷர் போட்டு முடுக்கினோம். செலவு நாற்பது ரூபாய். கூரைச் சீலை சோப்புத் தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, சிலிக்கோன் கிரீஸ் தடவினோம். இங்கே ஒரு எச்சரிக்கை: துருவுக்கு அடிக்கிற பெட்ரோலிய எண்ணெயை அங்கே அடித்துவிடாதீங்க. கதவுச் சீலுக்குப் பெரும்பாலும் போடுவது ஈபிடிஎம் ரப்பர், எண்ணெய் பட்டால் உப்பிப்போகும். டேஷ்போர்டில் தங்கமணி ஒவ்வொரு இடமாக அமுக்க, எங்கே சத்தம் நின்றதோ அங்கே பேனலைக் கழற்றினோம். உள்ளே இருந்த ஃபோம் தொட்டதும் மாவாக உதிர்ந்தது. ஒயரிங்குக்குச் சுற்றும் துணி டேப்பை ஒட்டி மூடினோம்.

கடைசியாக ஒன்று, எந்த மெக்கானிக்கிடம் போனாலும் நின்று பாருங்க. ரப்பர் புஷ் மாற்றினால், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அந்த போல்ட்டைக் கடைசி முடுக்கு முடுக்கக்கூடாது. வண்டி பாரம் சக்கரத்தில் இறங்கி நிற்கும் உயரத்தில்தான் முடுக்கணும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கின நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும், அப்புறம் "டூப்ளிகேட் பார்ட் சார்" என்று பார்ட் மேல் பழி. நான் கேட்ட நாலு இடத்தில் இதைத் தெரிந்து செய்தவர் ஒருத்தர்தான். யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

பி.கு: கூரையில் ஒரு கீச் இன்னும் பாக்கி. டிசம்பர் காலையில் மட்டும் வருகிறது, பத்து நிமிஷம் ஓடி வண்டி சூடானதும் போய்விடுகிறது. குளிரில் ரப்பர் விறைக்கிறது என்று சந்தேகம். அடுத்த ஞாயிறு அதுக்குத்தான் :-)