சரித்திரம் எதுக்கு என்று கேட்பவர்களுக்கு

வரலாறு சோறு போடாது என்று நமக்கு மட்டும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பட்டம் முடித்த கையோடு எம்.ஏ. வரலாற்றுக்கு விண்ணப்பம் தூக்கிக்கொண்டு நான் போய் நின்றபோது ஒரு பேராசிரியர் கேட்டார்: "உங்க ஆளுங்களுக்குத்தான் ரிசர்வேஷன்ல வேலை கிடைக்குதே, சரித்திரம் எதுக்கு?" இன்றைக்கு வங்கி கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். சம்பளம் கேவலம் என்று சொல்ல மாட்டேன். அது வயிறு நிறைந்தவன் வசனம். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது: குமாஸ்தா வேலை உனக்கு, உன் கதையை எழுதுகிற வேலை எனக்கு.

சரித்திரம் எதுக்கா? நிலத்துக்கு. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அதையொட்டி 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு மூலம். பூந்தமல்லியும் அம்பத்தூரும் அன்றைக்கு அதே ஜில்லாதான். இன்று இங்கே லேஅவுட்டும் கம்பெனியுமாக நிற்கிற மண்ணில் எது டி.சி. நிலம்? 1994 அக்டோபரில், காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். உயிரைக் கொடுத்துக் கேட்ட நிலத்தின் பழைய காகிதங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடக்கின்றன, ஆங்கிலத்தில், ரெவின்யூ பாஷையில். அதைப் படிக்கப் பழகின நம்மாட்கள் எத்தனை பேர்?

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார், 1914இல் மறைந்தார். ஞான. அலாய்சியஸ் தொகுத்த அவருடைய பெருந்தொகுதிகள் வெளிவந்தது 1999இல். எண்பத்தைந்து வருஷம்! அதுவரை இதழ்க் கட்டுகளைக் கரையானிடமிருந்து காத்தவை அன்பு பொன்னோவியம் போன்றவர்களின் வீட்டு அலமாரிகள். பேராசிரியப் பெருமக்கள் அப்போது சோழர் பெருமை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

சரி, போடலாம் என்றால் வாசலிலேயே வடிகட்டி. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வு இளநிலைக்கு 13 மொழிகளில் நடக்கிறது, தமிழும் உண்டு. முதுநிலை வரலாற்றுக்கு ஆங்கிலமும் இந்தியும் மட்டும். கான்பூர்ப் பிள்ளைக்குத் தாய்மொழியில் கேள்வித்தாள், தமிழ்வழியில் பி.ஏ. முடித்த ஆவடிப் பிள்ளைக்கு அகராதி. இதற்குப் பெயர் பொதுத் தேர்வாம்.

உள்ளே போனாலும் விடுகிறார்களா? சேலத்து முத்துக்கிருஷ்ணன் பலமுறை முட்டி மோதி ஜே.என்.யூ.வில் வரலாற்று எம்.ஃபில். சேர்ந்தார். 2016 மே மாத யு.ஜி.சி. விதி எழுத்துத் தேர்வை வெறும் தகுதியாக்கி, நேர்முகத்துக்கே எல்லா மதிப்பையும் கொடுத்தது. நேர்முகம் என்றால் என்ன, முகத்தையும் ஊரையும் பார்ப்பதுதானே! சேர்க்கையில் சமத்துவம் இல்லையென்று பொதுவில் எழுதினார். 2017 மார்ச்சில் டெல்லியில் பிணமாக மீட்கப்பட்டார்.

பயந்து ஒதுங்குவதற்கு இதைச் சொல்லவில்லை. முதுநிலைத் தேர்வைத் தமிழில் நடத்து என்று மாணவர் அமைப்புகள் தெருவுக்கு வரணும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போடுங்கள், மாநிலக் கல்லூரிக்குப் போடுங்கள், பேங்க் எக்ஸாமையும் எழுதுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, மார்க் ஷீட் எல்லாம் நாலு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் விண்ணப்பம் நிரப்ப ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள். இரண்டாம், நாலாம் சனிக்கிழமை எனக்கு பேங்க் லீவு.