நிழல் மட்டும் போதாது

இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் சாண்டா மரியா டெல் கார்மினே என்னும் தேவாலயம் உள்ளது. அதன் பிரான்காச்சி சிற்றாலயச் சுவர்களில் 1420-களின் நடுப்பகுதியில் மசாச்சோ தீட்டிய ஓவியங்களுள் ஒன்று நோயாளிகளைப் பற்றியது. புனித பேதுரு தெருவில் நடந்து செல்கிறார். அவரது நிழல் பட்ட அளவிலேயே வழியோரத்து நோயாளிகள் குணமடைகின்றனர். விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலில் வரும் நிகழ்ச்சி இது.

மசாச்சோ இதில் வானத்து ஒளியையோ தேவதூதர்களையோ தீட்டவில்லை. பிளாரன்ஸ் வீடுகள் நிறைந்த ஒரு சாதாரணத் தெருவே காட்சி. கால்கள் சூம்பிய ஒருவர் தரையில் இருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒருவர் முழந்தாளிட்ட நிலையிலிருந்து எழ முயல்கிறார். நிழல் முன்னரே கடந்துவிட்ட இன்னொருவரோ எழுந்து கைகூப்பி நிற்கிறார். இயன்முறை மருத்துவப் பிரிவில் பல வாரங்களில் நாங்கள் காணும் படிநிலைகள் ஒரே சுவரில் அடுத்தடுத்து நிற்பது எங்களுக்கு வியப்பையே தருகிறது.

ஆயினும் எங்கள் கண் மீண்டும் மீண்டும் செல்வது பேதுருவின் முகத்திற்குத்தான். அவர் நேரே முன்னோக்கி நடக்கிறார். நோயாளி எவரையும் குனிந்து பார்ப்பதில்லை. அற்புதத்திற்கு அது பொருந்தும். மருத்துவத்திற்குப் பொருந்தாது.

காலையில் மருத்துவர்கள் வார்டுக்குள் நுழைந்ததும் உறவினர்கள் எழுந்து ஒதுங்கி நிற்கின்றனர். "பரவாயில்லை, டாக்டர்" என்று நோயாளி முடித்துக்கொள்கிறார். நாங்கள் அடுத்த கட்டிலுக்குச் சென்றபின், கேட்க நினைத்தவை அனைத்தும் செவிலியரிடம் கேட்கப்படுகின்றன. பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டார் என்பதே பலருக்கு ஆறுதலாக இருக்கிறது. அந்த மதிப்பை நாங்கள் அறிவோம். ஆனால், இரவில் மூச்சு வாங்கியதையும், செலவுக்கு அஞ்சி மாத்திரையைப் பாதியாக உடைத்து உட்கொண்டதையும் எந்தப் பரிசோதனை அறிக்கையும் சொல்லாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை ஒன்றை நோயாளி உட்கொண்டு வருவது அறுவை சிகிச்சைக்கு முன் எங்களுக்குத் தெரியாமற்போனால், கட்டுப்படுத்தக் கடினமான இரத்தப்போக்கு ஏற்படக்கூடும்.

கேட்கத் தயங்குவதை நோயாளியின் குறையாக மட்டும் கருதுவதை நாங்கள் ஏற்பதில்லை. வெள்ளை அங்கி அணிந்த ஐந்தாறு பேர் கட்டிலைச் சூழ்ந்து நின்றால் யாருக்குத்தான் நா எழும்? கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்வது மருத்துவரின் கடமை. அமராமல் நகர்பவரை நிறுத்துங்கள். "டாக்டர், ஒரு நிமிடம்" என்பது மரியாதைக் குறைவன்று. அவசரம் காரணமாக அப்போது பேச இயலாதெனில், எத்தனை மணிக்கு வந்து பார்க்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாளைக் காலைக்குள் உங்கள் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வீட்டிலிருந்து வருபவரிடம் மாத்திரை அட்டைகள் அனைத்தையும், நாட்டு மருந்துப் பொட்டலங்கள் உட்பட, கொண்டுவரச் சொல்லுங்கள். பெயர் தெரியாதவற்றை முதலில் காட்டுங்கள்.