பெருநாள் இரண்டாம் நாளே வோட்டர் பார்க் போகத்தான் வேண்டுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் உள்ள வீட்டார் பொறுமையாக வாசியுங்கள்.

பெருநாள் முடிந்த மறுநாள் விடியுமுன் ஊரில் எத்தனை வேன் புறப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பாதி ஹங்வெல்லப் பக்கம் லெஷர் வேர்ல்டுக்கு, மீதி நுவரெலியாவுக்கு. 2024 ஏப்ரலில் நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. ஊர் ஊராக மட்டுமல்ல, நாடே ஒன்றாகப் பாதையில் இறங்கிய வாரம் அது. அந்த வாரத்திலும் "இப்ப போகாட்டி எப்ப போறது?" என்றுதான் கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. பாடசாலையில் படிப்பிக்கிற நாங்கள் சுற்றுலாவுக்கு எதிரானவர்கள் இல்லை. பிள்ளை சிரிக்க வேண்டும், தண்ணீரில் குதிக்க வேண்டும். நெரிசல் நாளைத் தேடிப் பிடித்துப் போகும் பழக்கத்தைத்தான் எதிர்க்கிறோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு சறுக்கில் அரை நிமிடத்துக்கு ஒரு பிள்ளை இறங்குகிறது என்று வையுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு 120 பேர். வரிசையில் 240 பேர் நின்றால் உங்கள் பிள்ளை இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிற்கும். 20 பேர் நின்றால் பத்து நிமிடம். காலை பத்து மணிக்கு உள்ளே போய் மாலை நான்கு மணிக்கு வெளியே வருகிற பிள்ளைக்குச் சாப்பாடு, ளுஹர் எல்லாம் போக நான்கு மணித்தியாலம் மிஞ்சும். நெரிசல் நாளில் அது இரண்டு சறுக்கு. ஆறுதலான நாளில் இருபதுக்கும் மேல். கொடுத்த காசுக்கு எது நியாயம்? பெருநாள் வாரத்தில் வேன் ஹயரும் ஏறும். கூடுதலாகக் கொடுத்துக் குறைவாக விளையாடிவிட்டு வருவதை எந்த வியாபாரி ஏற்றுக்கொள்வார்?

இரண்டாவது, உம்மாமார். கூட்டம் நிறைந்த தடாகத்தில் எங்கள் பெண்கள் இறங்க மாட்டார்கள், அது அவர்களின் வெட்கம், உரிமை. அதனால் அன்று முழுக்க உம்மாவும் மூத்தம்மாவும் பேக்குக்கும் செருப்புக்கும் காவல். விடியக்காலை எழும்பிச் சோறு ஆக்கி பார்சல் கட்டியவர்களும் அவர்கள்தான். ஆள் குறைந்த நாளில் ஓர் ஓரமாகவாவது காலை நனைத்து, பிள்ளையோடு நாலு வார்த்தை பேசிச் சிரிக்க அவர்களுக்கும் இடம் கிடைக்கும். குடும்பச் சுற்றுலா என்று சொல்கிறோம். குடும்பத்தில் அவர்கள் இல்லையா?

மூன்றாவது, உயிர். தண்ணீரில் மூழ்கும் பிள்ளை கத்தாது. இடுப்பளவு தண்ணீரிலும் சத்தமில்லாமல், சில நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நூற்றுக்கணக்கான தலைகளுக்கு நடுவே ஒரு தலை காணாமல் போனதை எந்தக் காவலரின் கண்ணும் இலேசில் பிடிக்காது. கிழக்கிலிருந்து போவது ஏழெட்டு மணித்தியாலப் பயணம். முதல் நாள் இரவு நித்திரையில்லாமல் வந்த டிரைவரே அடுத்த இரவும் திரும்ப ஓட்டுகிறார். "ஒரு நாள் ஹயர் மிச்சம்" என்ற கணக்கில் பதினைந்து உயிரை ஏற்றுகிறோம். அந்த மிச்சம் எங்களுக்கு வேண்டாம்.

இனி வரும் பதில்களுக்கு வருவோம்.

"கூட்டம் இருந்தாத்தான் களை" என்பார்கள். பெருநாளின் களை ஊரில் இருக்கிறது. சொந்தக்காரர் வீடு, வட்டிலப்பம், மைதானம், வெளிநாட்டிலிருந்து வந்த மாமா. அதை விட்டுவிட்டு அவிசாவளை வீதியில் வாகன வரிசையில் நிற்பதிலா களை?

"லீவு கிடைக்காது" என்பார்கள். இது நியாயமான பேச்சு. ஆனால் அதற்காகச் செவ்வாய்க்கிழமை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் கூட்டிப்போங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை, ஒருநாளும் சொல்ல மாட்டோம். போயா ஒட்டாத, நீண்ட விடுமுறை ஒட்டாத சாதாரண சனிக்கிழமை ஒவ்வொரு தவணையிலும் இருக்கிறது. வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு புறப்பட்டு, இரவு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, சனி காலை கேட் திறக்கும்போதே உள்ளே போங்கள். ஞாயிறு வெளிச்சத்திலேயே ஊர் வந்துவிடலாம். டிரைவரும் உறங்குவார், திங்கள் பிள்ளை வகுப்பிலும் உறங்காது.

"மழை வந்தால்?" என்பார்கள். அதற்குத்தான் காலநிலைப் பாடம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹங்வெல்லப் பக்கத்தை நனைக்கும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடி மின்னல். ஜனவரியும் பெப்ரவரியும் அங்கே மழை குறைந்த காலம், கிழக்கில் நாங்கள் மழைக்குள் இருக்கும் காலமும் ஏறக்குறைய அதுதான். நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னோக்கி நகர்வதால் அடுத்த சில வருடங்களுக்கு நோன்புக்கு முந்திய வாரங்கள் இந்தக் காலத்தில்தான் விழும். ஆறுதலான காலத்தில் சில விளையாட்டுகளைத் திருத்த வேலைக்காக மூடியிருக்கலாம். புறப்படுமுன் ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள். கூட்டமாகப் போனால் கழிவு உண்டா என்றும் அதே கோலில் கேளுங்கள்.

எங்கள் ஆசிரியர் சமூகத்துக்கும் ஒரு வார்த்தை. தவணை முடியும் கடைசி வாரத்தில் எல்லாப் பாடசாலையும் ஒரே திசைக்குப் பஸ் பிடிப்பது கல்விச் சுற்றுலா அல்ல. நாற்பது பிள்ளையைக் கூட்டத்துக்குள் விட்டு எண்ணிக்கொண்டிருப்பதில் என்ன கல்வி? தவணையின் நடுவே ஒரு நாளைக் குறித்து, வலயப் பணிமனை அனுமதியை நேரத்தோடு எடுக்கலாம். காசு கட்ட முடியாத பிள்ளைக்குச் சேர்த்துவைக்கவும் அப்போது அவகாசம் இருக்கும். கடைசி நேரத்தில் "ரெண்டாயிரம் கொண்டுவா" என்றால் வகுப்பில் நாலு பிள்ளை "காய்ச்சல்" என்று வீட்டில் நிற்கும். அந்தக் காய்ச்சல் என்னவென்று படிப்பிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. இந்த மாதப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் மஹல்லாக் கூட்டத்திலும் சுற்றுலா நாளைப் பேசுபொருளாக வையுங்கள். இரவில் திரும்பும் பயணத்துக்கு இரண்டாவது டிரைவர் இல்லாமல் வேன் புறப்படக்கூடாது என்று முடிவெடுங்கள். ஜனவரியில் ஒரு சனிக்கிழமையை இப்போதே குறித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்க்கத் தொடங்குங்கள்.

மாற்றுக்கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். ஆனால் "எல்லாரும் அன்றைக்குத்தானே போறாங்க" என்பதை மட்டும் காரணமாக எழுதாதீர்கள். எல்லாரும் போவதால்தான் போகவேண்டாம் என்கிறோம்.