துறைமுகம் யாருடையது?

ஒரு பட்டணத்தின் சரித்திரம் என்றதும், "எந்த ராஜா கட்டினான்?" என்று கேட்பது நமது வழக்கம். தூத்துக்குடியைப் பற்றி அப்படிக் கேட்டால் பதில் கிடைக்காது. அதை உண்டாக்கியவை ஒரு நதியும் ஒரு கடலுமே.

பாண்டியரின் பழந்துறை கொற்கை. முத்துக்குப் பேர்போன அவ்வூரின் முகத்தைத் தாமிரபரணி வண்டல் கொட்டி மூடிவிட்டது. இன்று கொற்கையில் நின்றால் வயல் தெரியுமே தவிர அலை தெரியாது. வியாபாரம் காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ புகழ்ந்த காயலும் காலக்கிரமத்தில் மண்மேடிட்டது. பிறகே, முத்துக் குளிக்கும் பரதவர் வாழ்ந்த தூத்துக்குடிக்கு யோகம் பிறந்தது.

யோகம் வந்ததும் விருந்தாளிகளும் வந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகேசியர், 1658இல் டச்சுக்காரர், 1825இல் ஆங்கிலேயர். 1866இல் நகரசபையும் 1876இல் ரயிலும் ஏற்பட்டன. கரையோரம் ஆழமில்லாமையால் பெரிய கப்பல்கள் சில மைல் அப்பாலேயே நின்றுவிடும். பஞ்சு மூட்டைகளைத் தோணிகளில் ஏற்றிப் போய்க் கப்பலில் சேர்த்தவர்கள் நம்மவர்கள். கப்பல் மட்டும் நம்முடையதல்ல!

இந்த வேடிக்கையை வ. உ. சிதம்பரம் பிள்ளை சகிக்கவில்லை. 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். மறு வருஷம் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. கொழும்புப் பிரயாணத்தில் போட்டி முற்றவே, வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு, இலவசமாகவே ஏற்றிக்கொண்டு குடையும் இனாமாகத் தருவதாகச் சொன்னது என்பார்கள். வியாபாரத்தில் அவர்கள் இவ்வளவு தர்மசிந்தனை காட்டியதாக வேறெங்கும் நாம் கேள்விப்பட்டதில்லை!

1908இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்ற பிள்ளையவர்கள், மார்ச் 12ஆம் தேதி கைதானார். விதித்த ஆயுள் தண்டனை மேல்முறையீட்டில் குறைந்தது. செக்கு இழுத்த துன்பம் குறையவில்லை. 1911இல் கம்பெனி கலைந்தது. 1912 டிசம்பரில் விடுதலையானவருக்குக் கப்பலும் இல்லை. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. 1936 நவம்பர் 18இல் அதே தூத்துக்குடியில் கண்மூடினார்.

1974இல் ஆழ்ந்த புதுத் துறைமுகம் திறக்கப்பட்டது. 2008இல் ஊர் மாநகராட்சியாயிற்று. 2011இல் துறைமுகத்துக்கு வ. உ. சி.யின் பெயரைச் சூட்டினார்கள். நல்ல காரியந்தான்; ஆனால் பெயர்ப் பலகையோடு கடன் தீர்ந்துவிடாது. அவர் ஆசைப்பட்டது பலகையை அல்ல, கப்பலை. துறையில் எத்தனை கப்பல் நிற்கிறது என்று எண்ணுகிற நாம், அவற்றுள் எத்தனை நம்முடையவை என்றும் எண்ணவேண்டும். அந்தக் கணக்கைத்தான் 1906இல் ஒரு வக்கீல் நமக்குக் கற்பிக்க முயன்றார்.