குழி தோண்டும் முன் கணக்கு

சென்னையில் ஒரு தெருவில் விழும் மழைநீர் முதலில் மாநகராட்சியின் வடிகாலில் இறங்குகிறது. பிறகு நீர்வளத்துறையின் கால்வாய்க்கோ ஆற்றுக்கோ போகிறது. தென்சென்னையின் பல பகுதிகளில் என்றால் வழியில் வனத்துறையின் பொறுப்பிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் கடக்க வேண்டும். அதே தெருவுக்கு அடியில் ஓடும் பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தவை. குப்பை மறுபடியும் மாநகராட்சியின் வேலை. துறைகள் பிரிந்திருக்கின்றன, ஆனால் தண்ணீர் அந்த எல்லைகளை மதிப்பதில்லை. மழை வலுத்ததும் மேன்ஹோல் மூடியைத் திறந்து தெருத் தண்ணீரைச் சாக்கடைக்குள் விடுகிறார்கள். கோடையில் திருட்டு இணைப்பு வழியாகக் கழிவுநீர் மழைநீர் வடிகாலுக்குள் வருகிறது. அள்ளாமல் விட்ட பிளாஸ்டிக் இரண்டையும் அடைக்கிறது. எனவே இவை அனைத்தையும் ஒரே கணினி மாதிரியில் கொண்டுவர வேண்டும். அந்த மாதிரி ஒப்பந்ததாரருடையதாக இல்லாமல் நகரத்தின் பொதுச்சொத்தாக இருக்க வேண்டும். டெண்டருக்கு முன்பும் ஒவ்வொரு பருவமழைக்குப் பின்பும் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இந்த மாதிரியில் மாயம் எதுவும் இல்லை. ஒவ்வொரு மேன்ஹோலுக்கும் சாலை மட்டம் எவ்வளவு, உள்ளே குழாயின் அடிமட்டம் எவ்வளவு என்று இரண்டு உயரங்களைக் குறிக்க வேண்டும். இரண்டு மேன்ஹோல்களின் அடிமட்ட வித்தியாசத்தை அவற்றின் இடைத்தூரத்தால் வகுத்தால் குழாயின் வாட்டம் கிடைக்கும். அத்துடன் குழாயின் அகலம், உட்புறச் சொரசொரப்பு, படிந்துள்ள வண்டல், அந்தத் தெருவில் மண் எவ்வளவு, சிமென்ட் எவ்வளவு என்ற விவரங்களும் சேரும். பிறகு ஒரு மழையைக் கொடுத்தால் எந்த மூடி வழியாக, எத்தனையாவது நிமிடத்தில் தண்ணீர் மேலே பொங்கும் என்று கணினி சொல்லிவிடும். மேட்டுத் தெருவில் வடிகாலை அகலப்படுத்தி, அது போய்ச் சேரும் கால்வாயை அப்படியே விட்டால், வெள்ளம் குறையாது. பள்ளத்தில் இருப்பவர் வீட்டுக்கு இன்னும் வேகமாகப் போகும். கான்கிரீட் போட்டபின் தெரியவரும் இந்த உண்மையை, மாதிரி ஒரு மாலைப்பொழுதிலேயே காட்டிவிடும்.

நம் அண்மைய அனுபவங்களே இதற்குச் சான்று. 2015 டிசம்பர் 1-ம் தேதி பெய்த பெருமழையின்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. அடையாற்றின் இரு கரைகளும் மூழ்கின. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதே செம்பரம்பாக்கமும் புழலும் சோழவரமும் பூண்டியும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஏரியை முன்கூட்டியே தாழ்த்தி வைத்தால் கோடைக்குத் தட்டுப்பாடு, நிரம்பவிட்டால் வெள்ளம் என்ற இக்கட்டை அதிகாரியின் துணிச்சலை நம்பித் தீர்க்க முடியாது. வரவையும் ஆற்றின் கொள்ளளவையும் கோடைத் தேவையையும் ஒன்றாக வைத்து எடைபோட்டால்தான் தீரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேறொரு பாடம் சொன்னது. கடல் மட்டம் உயர்ந்து முகத்துவாரங்கள் தண்ணீரை வாங்க மறுத்தபோது, புதிதாகக் கட்டிய வடிகாலுக்கும் நீரைக் கொண்டுபோய்ச் சேர்க்க இடமில்லை. கடலின் ஏற்றத்தைச் சேர்க்காமல் போட்ட எந்த வடிகால் கணக்கும் அரைக்கணக்குதான்.

ஆக்கிரமிப்பும் குப்பையும் ஊழலும்தான் நோய், கம்ப்யூட்டர் அவற்றுக்கு மருந்தாகுமா என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. மென்பொருள் ஒரு ஆக்கிரமிப்பைக்கூட அகற்றாது. ஆனால் தூர்வாரியதாகச் சொல்லப்படும் கால்வாயை உண்மையில் பாதி தூர்ந்த நிலையில் மாதிரியில் வைத்து ஓட்டினால், அந்த வண்டலுக்காக எந்தெந்தத் தெருக்கள் மூழ்கும் என்று பெயர் சொல்லிக் காட்டலாம். பள்ளிக்கரணை இன்னும் கொஞ்சம் சுருங்கினால் வேளச்சேரியில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்றும் காட்டலாம். பொறுப்பை மழையின் மீது போட்டுத் தப்பிக்கும் வழி அதோடு அடைபடும். ஊழலை எதிர்ப்பவர்களுக்கு இதைவிட வலுவான ஆவணம் கிடைப்பது அரிது.

சரியான தரவு இல்லாமல் போட்ட மாதிரி பொய்யை வண்ணப்படமாக்கும் என்பது இரண்டாவது ஆட்சேபம். பொறியாளர்களே சொல்லும் இந்த எச்சரிக்கை முழுக்க உண்மை. அதனால்தான் அளவீடு முதலில் வர வேண்டும். வடிகால்களிலும் உந்து நிலையங்களிலும் நீர்மட்டமானிகளைப் பொருத்தி, மாதிரி சொன்னதையும் நடந்ததையும் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். தவறு தெரிந்தால் திருத்தலாம். கணக்கே போடாமல் கட்டியதில் எது தவறு என்பதும் தெரியாது. செலவையும் தடையாகச் சொல்ல முடியாது. வடிகால், சாக்கடைகளுக்கான ‘ஸ்வம்’ மென்பொருள் 1971 முதலும், குடிநீர்க் குழாய்களுக்கான ‘எபாநெட்’ 1993 முதலும் இருக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இரண்டையும் இலவசமாகவே தருகிறது. அதே நாட்டில் சவுத் பெண்ட் என்ற நகரம் தன் சாக்கடைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட உணரிகளை வைத்து, மதகுகளைக் கணினியால் இயக்கி, ஆற்றில் வழிந்த கழிவுநீரை 70 சதவீதத்துக்கும் மேல் குறைத்தது. புதிய சுரங்கங்களுக்கும் தொட்டிகளுக்கும் ஆகவிருந்த செலவில் பெரும்பகுதி மிச்சமானது. இருக்கும் குழாயின் காலி இடத்தை அறிந்து பயன்படுத்தியதால் வந்த லாபம் அது.

சென்னை வெறுங்கையோடு நிற்கவில்லை. வெள்ள எச்சரிக்கைக்கான ‘சி-ஃப்ளோஸ்’ 2019-ல் வந்தது. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தித் தொழிற்சாலைகளுக்குத் தருகிறோம். ஆனால் மழைநீர் சாக்கடையில் கலந்தால் சுத்திகரிப்பு நிலையம் திணறி, மிச்சம் கூவத்துக்குப் போகிறது. ஆகவே மறுபயன்பாட்டின் எதிர்காலமும் வடிகாலோடு கட்டுண்டது. எச்சரிக்கை வெள்ளம் வரும் நாளுக்கு உதவும். வடிவமைப்பு அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு நிற்கும். எனவே இனி எந்த வடிகால், சாக்கடைத் திட்டத்திலும் திட்ட அறிக்கையோடு இயங்கும் மாதிரிக் கோப்பையும் ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். குடிநீர்க் குழாய்களின் நுண்விவரங்களைப் பாதுகாப்புக் கருதி மறைப்பதில் தவறில்லை. எந்தத் தெரு எவ்வளவு மழைக்கு மூழ்கும் என்பதை அந்தத் தெருவில் வாழ்பவர்களிடம் மறைக்க எந்தக் காரணமும் இல்லை. பணி முடிந்தபின் வரும் முதல் பருவமழையில் மாதிரி சொன்னபடி தண்ணீர் வடிந்ததா என்று சரிபார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும். வரிப்பணத்தைப் பூமிக்கடியில் புதைக்கும் அரசு, அந்தக் கணக்கைப் பூமிக்கு மேலே வைக்கக் கடமைப்பட்டிருக்கிறது.